கைப்பக்குவத்தை வகுப்பாக்கும் முறை

மாடித் தோட்டம் அறிந்தவர்கள் செல்போனில் பாடம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வீட்டு மாடியில் கீரை, காய்கறி, பூச்செடி வளர்ப்போர் பலர் இருக்கிறார்கள். தோட்டக்கலை ஆர்வம் இந்நகருக்குப் புதிதன்று. வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-ஆம் ஆண்டிலேயே இங்கு தொடங்கப்பட்டது. 2013-14-ஆம் ஆண்டில் மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கும் அரசுத் திட்டம் வந்தபின், மண்ணைத் தொட்டறியாத குடும்பங்களும் பையில் கத்தரி நடத் தொடங்கின. அக்கம்பக்கத்தில் நன்றாகத் தோட்டம் போடுபவர் ஒருவர் இருந்தால், அவரிடம் தினமும் நாலு பேர் சந்தேகம் கேட்டு வருவதும் வழக்கமாகிவிட்டது.

இப்படிப்பட்டவர்களில் சிலர் இப்போது செல்போனிலேயே வகுப்பு எடுத்து இணையத்தில் போடுகிறார்கள். நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர், ஓய்வு பெற்ற தோட்டக்கலை அலுவலர், பல வருடம் மாடியில் பாடுபட்ட இல்லத்தரசி என யார் வேண்டுமானாலும் ஆசிரியராகலாம். இது நல்ல காரியமே. ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். நேரில் வந்து கேட்பவர் புரியாவிட்டால் மறுபடியும் கேட்பார். படத்தைப் பார்ப்பவர் கேட்க முடியாது. படத்தில் சொன்னதை அப்படியே செய்வார். அளவு தவறாக இருந்தால் நஷ்டம் சொன்னவருக்கு இல்லை, செய்தவருக்குத்தான். மாடியில் பத்துப் பை செடி வைத்தவர் மட்டுமின்றி, அரை ஏக்கர் வெண்டை போட்ட விவசாயியும் அதே படத்தைப் பார்க்கிறார். ஆகவே, தம் கைக்குத் தெரிந்ததை அளவாகவும் வரிசையாகவும் மாற்றிய பிறகே கேமரா முன் நிற்க வேண்டும். அதற்கான வழிகள் கீழே தரப்படுகின்றன.

வானொலி முதல் செல்போன் வரை

கண்ணுக்கு எதிரே இல்லாதவருக்கு விவசாயம் சொல்லிக் கொடுப்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ஆம் தேதி தொடங்கியது. 1966-ஆம் ஆண்டு முதல் அகில இந்திய வானொலி, பண்ணை இல்ல ஒலிபரப்புக்கெனத் தனிப் பிரிவுகளை ஏற்படுத்தியது. அக்காலத்தில் திருச்சி வானொலியின் பிரசாரத்தால் பரவிய ஆடுதுறை 27 நெல்லைத் தஞ்சை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி தொடங்கப்பட்டது. அதில் பல ஆண்டுகள் வந்த ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியைப் பார்க்காத விவசாயக் குடும்பம் குறைவு.

அந்த நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் பலர் இருந்தார்கள். விவரம் சொல்ல வல்லுநர் ஒருவர், கேள்வி கேட்க ஒருவர், படம் பிடிக்க ஒருவர், தொகுக்க ஒருவர் என வேலை பகிர்ந்து நடந்தது. செல்போனில் பாடம் எடுப்பவர் இந்த நான்கு வேலையையும் ஒருவராகவே செய்கிறார். சொன்னது சரியா, புரிகிறதா என்று குறுக்கே கேட்க ஆள் இல்லை. ஆகவே அந்தக் கேள்விகளைத் தாமே கேட்டுக் கொள்ளும் பழக்கம் அவருக்கு இன்றியமையாதது.

அடையாற்றிலிருந்து ஒரு முன்மாதிரி

இணைய வகுப்புக்கு நல்ல முன்மாதிரி சென்னையிலேயே இருக்கிறது. அடையாறுக்கும் கிண்டிக்கும் இடையே உள்ள சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து என்.பி.டி.இ.எல். என்னும் தேசியத் திட்டம் ஒருங்கிணைக்கப்படுகிறது. ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கின. பேராசிரியர்கள் தத்தம் துறைப் பாடங்களை ஒளிப்பதிவு அறையில் நடத்தி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். 2014-ஆம் ஆண்டு முதல் தேர்வும் சான்றிதழும் கொண்ட வகுப்புகள் வந்தன. 4, 8, 12 வாரம் எனப் பாடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. பாடம் கேட்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

மாடித் தோட்டக்காரருக்கு ஒளிப்பதிவு அறையும் தேவையில்லை, 12 வாரமும் தேவையில்லை. ஆனால் அங்குள்ள மூன்று ஒழுங்குகள் அவருக்கும் பொருந்தும். முதலாவது, படமெடுக்கும் முன்பே பாடத்திட்டம் எழுதப்படுகிறது. எந்த வாரம் எது என்பது மாணவருக்கு முன்கூட்டியே தெரியும். இரண்டாவது, ஒவ்வொரு வாரமும் மாணவர் செய்து காட்ட வேண்டிய வேலை உண்டு. கேட்டதோடு பாடம் முடிவதில்லை. மூன்றாவது, சந்தேகம் கேட்க ஒரு வழி வைக்கப்படுகிறது. இந்த மூன்றும் இல்லாத படம் வேடிக்கை பார்க்க உதவும், வகுப்பு ஆகாது.

கைக்கணக்கை நிறுத்துப் பார்த்தல்

தொழில் நன்கு தெரிந்தவருக்குள்ள பெரிய இடையூறு, அது அவருக்கு நன்கு தெரிந்திருப்பதுதான். பல வருடப் பழக்கத்தில் கை தானாக ஓடுகிறது. ‘இரண்டு கை எரு போடுங்கள்’, ‘ஒரு மூடி எண்ணெய் ஊற்றுங்கள்’, ‘பதமாகத் தண்ணீர் விடுங்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிடுவார். ஆனால் ஒருவர் கை பெரிது, மற்றவர் கை சிறிது. ஒரு புட்டியின் மூடிக்கும் மற்றொரு புட்டியின் மூடிக்கும் கொள்ளளவு வேறு. பதம் என்பது புதிதாக வருபவருக்குத் தெரியவே தெரியாது.

இதைச் சரிசெய்ய எளிய பயிற்சி ஒன்று உண்டு. பாடம் எடுக்கும் முன், வழக்கமாகக் கைவாக்கில் எடுக்கும் எருவை ஐந்து தடவை எடுத்து, ஐந்து தடவையும் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மிகக் குறைந்த அளவும் மிகக் கூடிய அளவும் தெரியும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்டதைப் பாடத்தில் கிராமில் சொல்ல வேண்டும். தண்ணீருக்கு மில்லி லிட்டர் கோடு போட்ட குவளை போதும். பைக்கலவையில் செம்மண், மக்கிய எரு, தென்னை நார்க்கழிவு எவ்வளவு என்பதை ஒரே பாத்திரத்தால் அளந்து, எத்தனை பாத்திரம் என்று கணக்காகக் கூற வேண்டும்.

அளவில் அடங்காதவற்றுக்கு அடையாளம் சொல்ல வேண்டும். தண்ணீர் விடுவதற்கு ‘தினமும் ஒரு சொம்பு’ என்பது சரியான பாடமல்ல. மழை நாளிலும் அதே சொம்பு விட்டால் வேர் அழுகும். விரலைக் கலவைக்குள் ஒரு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் தண்ணீர் விட வேண்டும், ஒட்டினால் விடக்கூடாது என்று காட்டினால் எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் பொருந்தும்.

இன்னொரு முறையும் நல்ல பலன் தரும். தோட்டமே அறியாத ஒருவரை, பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, அருகில் உட்கார வைத்துக்கொண்டு வேலையைச் செய்ய வேண்டும். கை எங்கெல்லாம் தயங்காமல் ஓடுகிறதோ அங்கெல்லாம் அவர் ‘இது ஏன்?’ என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்தால், பாடத்தில் விடுபடக்கூடாத இடங்களின் பட்டியல் தானாகக் கிடைத்துவிடும்.

ஒரு படத்துக்கு ஒரு வேலை

மாடித் தோட்டம் முழுவதையும் ஒரே மணி நேரப் படத்தில் சொல்லி முடிக்க முயல்வது வீண். அமெரிக்காவில் எட்எக்ஸ் என்னும் இணையக் கல்வி அமைப்பின் நான்கு பாடங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. மாணவர்கள் படம் பார்த்த 69 லட்சம் தடவைகளை அது ஆராய்ந்தது. 6 நிமிடத்துக்கு உட்பட்ட படங்களையே மாணவர்கள் ஊன்றிப் பார்த்தார்கள், நீளம் கூடக்கூடக் கவனம் குறைந்தது என்று தெரிந்தது. பெரும் செலவில் அறை அமைத்து எடுத்த படங்களைவிட, ஆசிரியர் மேசை அருகே இயல்பாக உட்கார்ந்து பேசிய படங்கள் மாணவரைக் கவர்ந்ததாகவும் அதில் கண்டார்கள். சாதாரண மாடியில் சாதாரண செல்போனில் எடுப்பவருக்கு இது தைரியம் தரும் செய்தி.

ஆகவே பாடத்தைத் துண்டாக்க வேண்டும். பைக்கலவை தயாரித்தல் ஒரு படம், விதை நேர்த்தியும் நாற்று விடுதலும் ஒரு படம், நடவு ஒரு படம், நீர் ஒரு படம், பூச்சி ஒரு படம், அறுவடை ஒரு படம். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ‘இந்தப் பாடத்தின் முடிவில் இந்த வேலையைச் செய்யத் தெரியும்’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். அப்படி ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால், பாடம் இரண்டாகப் பிரிய வேண்டும் என்பது பொருள்.

மாதிரிப் பாடம்: வேப்பங்கொட்டைக் கரைசல்

மேற்சொன்னவற்றை ஒரு பாடத்தில் பொருத்திப் பார்க்கலாம். கத்தரி, வெண்டையில் அசுவினி வந்தால் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பது பலரும் அறிந்த முறை. வயலுக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு, 200 கிராம் சோப்பு என்பது கணக்கு. மாடிக்கு 2 லிட்டர் கரைசல் போதும். அதற்கு 100 கிராம் பருப்பு, 4 கிராம் சோப்பு வேண்டும். இதைப் படமாக்கும்போது காட்சிகளை இப்படி வரிசைப்படுத்தலாம்.

முதல் காட்சி: பூச்சி தாக்கிய இலையின் அடிப்பக்கத்தை நெருக்கமாகக் காட்ட வேண்டும். எதற்காக இந்த மருந்து என்பது தெரியாமல் தெளிப்பவர் பலர்.

இரண்டாம் காட்சி: கொட்டையைக் காட்ட வேண்டும். பொறுக்கிக் காயவைத்து 3 மாதம் ஆன கொட்டையே ஏற்றது. 8 முதல் 10 மாதத்துக்கு மேற்பட்டது வேண்டாம். பழக்கப்பட்டவர் இதைச் சொல்ல மறந்துவிடுவார். அவர் வீட்டில் எப்போதும் சரியான கொட்டையே இருக்கும். பார்ப்பவர் இரண்டு வருடப் பழைய கொட்டையை வாங்கிப் பயன்படுத்திப் பூச்சி போகவில்லை என்றால், வேம்பே பயனற்றது என்று முடிவுகட்டிக் கடும் விஷ மருந்துக்குப் போய்விடுவார். விடுபட்ட ஒரு வாக்கியத்தால் வரும் கேடு இது.

மூன்றாம் காட்சி: ஓட்டை நீக்கிய பருப்பைத் தராசில் வைத்து, 100 கிராம் என்ற எண் தெரியும்படி காட்ட வேண்டும். கொட்டை 100 கிராம் வேறு, பருப்பு 100 கிராம் வேறு என்பதையும் கூற வேண்டும்.

நான்காம் காட்சி: பருப்பை இடித்துத் தூளாக்கிச் சிறிது தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்தல். ஊறுவதைப் படம் முழுக்கக் காட்ட வேண்டியதில்லை. ‘இரவு 8 மணி’ என்று ஒரு காட்சி, ‘மறுநாள் காலை 8 மணி’ என்று ஒரு காட்சி போதும். காலத்தைச் சொல்லாமல் வெட்டிச் சேர்த்தால், பத்து நிமிடத்தில் வடிகட்டலாம் என்று பார்ப்பவர் எண்ணிவிடுவார்.

ஐந்தாம் காட்சி: துணியில் வடிகட்டி, மொத்தம் 2 லிட்டராகும்வரை தண்ணீர் சேர்த்து, சோப்பைக் கரைத்தல். பால்போன்ற நிறத்தை நெருக்கமாகக் காட்ட வேண்டும். அடைப்பு வராதிருக்க மறுபடி ஒருமுறை வடிகட்டுவதையும் விடக்கூடாது.

ஆறாம் காட்சி: மாலை வெயில் தாழ்ந்தபின் இலையின் அடியில் படும்படி தெளித்தல். கரைசலை அன்றே பயன்படுத்திவிட வேண்டும், வைத்திருந்து மறுவாரம் தெளிக்கக்கூடாது என்பதைச் சொல்லி முடிக்க வேண்டும்.

கடைசியில் ஒரு வேலை கொடுக்க வேண்டும். ‘முதலில் ஒரு செடிக்கு மட்டும் தெளித்து, இரண்டு நாள் கழித்து இலை கருகாமல் இருக்கிறதா என்று பார்த்தபின் மற்றவற்றுக்குத் தெளியுங்கள்’ என்பது நல்ல வீட்டுப்பாடம். இவ்வளவும் 6 நிமிடத்தில் அடங்கும்.

வெளிச்சமும் ஒலியும்

சென்னை மாடியில் படமெடுக்கக் காலை 6.30 முதல் 8.30 மணி வரை ஏற்ற நேரம். உச்சி வெயிலில் எடுத்தால் முகத்தில் நிழலும் இலையில் பளபளப்பும் விழுந்து, பூச்சியும் தெரியாது, நோயும் தெரியாது. சூரியன் படமெடுப்பவரின் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். பேசுபவரின் பின்னால் சூரியன் இருந்தால் அவர் கருநிழலாகத் தெரிவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையைவிட மங்கலான நிறத் துணி நல்லது.

செல்போனைக் கையில் பிடித்து எடுக்கக்கூடாது. முக்காலியில் நிறுத்தி, படுக்கைவசமாக வைத்து எடுக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே மாடிக்குக் கொண்டுவந்தால் கண்ணாடியில் ஆவி படியும். கால் மணி நேரம் வெளியில் வைத்திருந்து, மெல்லிய துணியால் துடைத்தபின் தொடங்க வேண்டும். கடற்கரைக்கு அருகில் உள்ள பெசன்ட் நகர், சாந்தோம் போன்ற இடங்களில் உப்புக்காற்று படிவதால் ஒவ்வொரு தடவையும் துடைப்பது அவசியம்.

படம் சற்று மங்கினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்காவிட்டால் உடனே அணைத்துவிடுவார். எனவே கையில் உள்ள பணத்தை முதலில் செலவழிக்க வேண்டியது சட்டைக் காலரில் மாட்டும் சிறு மைக்குக்குத்தான். தியாகராய நகரில் கடை திறக்கும் நேரத்துக்குப் பின் வண்டி ஹாரன் ஓயாது. மயிலாப்பூரில் கோவில் மணியும் மாடவீதி இரைச்சலும் உண்டு. அடையாறு, பெசன்ட் நகர் மாடிகளில் பிற்பகல் கடற்காற்று மைக்கில் ‘கொர்’ என்று இரையும். மைக்குக்குப் பஞ்சுறை போடுவதும், காற்று எழும் முன் காலையிலேயே எடுப்பதும் இதற்கு வழி. கீழ்வீட்டில் குக்கர் சத்தம் போட்டால், அது அடங்கும்வரை பேச்சை நிறுத்தி, சொன்ன வாக்கியத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பின்னணியில் சினிமாப் பாட்டு சேர்ப்பதைத் தவிர்க்க வேண்டும். அதற்கு உரிமையாளர் அனுமதி தேவை என்பதோடு, அளவு சொல்லும் இடத்தில் பாட்டு இடைஞ்சலாகவும் இருக்கும்.

கையால் செய்யும் வேலைக்கு முகம் முக்கியமில்லை, கைதான் முக்கியம். செல்போனைத் தோளுக்கு மேலிருந்து கையைப் பார்க்கும்படி வைத்தால், பார்ப்பவருக்குத் தம் கையே வேலை செய்வதுபோல் தெரியும். எதிரிலிருந்து எடுத்தால் இடம் வலமாக மாறித் தோன்றிக் குழப்பும்.

எந்த மாதம், எந்தத் தண்ணீர்?

படம் ஊர் பார்த்துப் போவதில்லை. தை மாதத்தில் மயிலாப்பூர் மாடியில் செழித்த தக்காளியை எடுத்த படத்தை, சித்திரையில் வேலூரில் ஒருவர் பார்ப்பார். அக்கினி நட்சத்திர வெயிலில் அதே நாற்றை நட்டுக் கருகவிட்டு, தம் கை ராசி சரியில்லை என்று நொந்துகொள்வார். ஆகவே ஒவ்வொரு படத்திலும் எடுத்த மாதம், ஊர், மாடியில் எத்தனை மணி வெயில் விழுகிறது, நிழல்வலை உண்டா என்பவற்றைச் சொல்ல வேண்டும். சென்னைக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. அப்போது பையின் அடித்துளை அடைக்காமல் பார்ப்பதே பெரிய வேலை. கோவைக்காரருக்கு அந்தக் கணக்கு வேறு.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். கடற்கரையை ஒட்டிய சில தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும். ஆசிரியர் குடிநீர் வாரியத் தண்ணீரோ மழைநீரோ விடுகிறார் என்றால் அதைக் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால், உப்பு நீர் விட்டு இலை நுனி கருகியவர் அதை நோயென்று எண்ணி மருந்து தேடுவார்.

மாடியில் ஓதம் இறங்காமல் பார்ப்பதும், நனைந்த பைகளின் எடையைத் தளம் தாங்குமா என்று கட்டட மேஸ்திரியிடம் கேட்பதும் முதல் படத்திலேயே இடம்பெற வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு இது தோட்டத்தைவிட முக்கியமான விஷயம்.

பேச்சு எப்படி இருக்க வேண்டும்?

வீட்டில் பேசும் தமிழே போதும். புத்தகத் தமிழை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் கண் கலைந்து, முகம் இறுகிப்போகும். ஆனால் சொல்ல வேண்டிய எண்களை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணை இரண்டு தடவை சொல்லி, படத்தின்மேல் எழுத்திலும் போட வேண்டும். ஓரிடத்தில் ‘தட்டைப்பயறு’ என்பதை வேறிடத்தில் ‘காராமணி’ என்பார்கள். இரண்டு பெயரும் சொல்வது வழக்கமாகட்டும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் ஆசிரியரின் மதிப்பு குறையாது. மாடியில் பத்துப் பை வளர்த்த அனுபவத்தைக் கொண்டு ஏக்கர் கணக்கில் ஆலோசனை சொல்லக்கூடாது. ‘இது மாடிக்கான அளவு. வயலுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தைக் கேளுங்கள்’ என்ற ஒரு வரி பல குடும்பங்களின் பணத்தைக் காக்கும்.

பழைய பாடம் தரும் ஆபத்து

வானொலியில் சொன்னது காற்றோடு போகும். இணையத்தில் போட்டது போவதில்லை. நேற்றுச் சரியாக இருந்தது இன்று தவறாகலாம். காய்கறிகளில் மோனோகுரோட்டோபாஸ் மருந்தைப் பயன்படுத்துவது 2005-இல் தடைசெய்யப்பட்டது. எண்டோசல்பான் மருந்தை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. அதற்கு முன் இந்த மருந்துகளைச் சிபாரிசு செய்த பாடங்கள் எங்கேனும் தேதியின்றி இருக்குமானால், இன்று அவற்றைப் பார்க்கும் புதியவருக்கு விவரம் தெரியாது.

இதற்காக இரண்டு கட்டுப்பாடுகளைக் கைக்கொள்ள வேண்டும். ஒன்று, படத்தின் முதல் காட்சியிலேயே தேதியும் வருடமும் எழுத வேண்டும். மற்றொன்று, வருடம் ஒருமுறை தம் பாடங்களைத் தாமே பார்த்து, மாறிப்போனவற்றை நீக்கவோ திருத்தவோ வேண்டும். மருந்து எதுவானாலும் பெட்டியில் அச்சிட்ட பயிர், அளவு, காத்திருப்பு நாள் ஆகியவற்றுக்கு மாறாக ஒரு சொல்லும் பாடத்தில் வரக்கூடாது. கையுறை, முகமூடி இல்லாமல் தெளிக்கும் காட்சியையும் சேர்க்கக்கூடாது. வாயால் எச்சரித்துவிட்டுக் கையால் மீறினால், பார்ப்பவர் கையைத்தான் பின்பற்றுவார்.

வெளியிடும் முன் ஒரு சோதனை

படம் முடிந்ததும் இணையத்தில் போட்டுவிடாமல், தோட்டம் அறியாத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பார்த்தபின் ‘புரிந்ததா?’ என்று கேட்டுப் பயனில்லை. மரியாதைக்காக எல்லோரும் புரிந்தது என்பார்கள். பொருள்களை முன்னால் வைத்து, ‘நீங்கள் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டு வாய் பேசாமல் பார்க்க வேண்டும். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே பாடத்தில் குறை இருக்கிறது. அந்தக் காட்சியை மட்டும் மறுபடி எடுத்துச் சேர்க்கலாம்.

பார்ப்பதோடு பேச்சும் சேர்ந்தால் பலன் பெருகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பெங்களூரு மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் 2006-இல் தொடங்கிய ‘டிஜிட்டல் கிரீன்’ முயற்சியில், உள்ளூர் விவசாயிகளையே நடிக்க வைத்துப் படமெடுத்து, ஊர்க் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்கள். அவ்வூர்க்காரர் ஒருவர் படத்தை நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்பார், சந்தேகம் தீர்ப்பார். கர்நாடகத்தில் 16 கிராமங்களில் 13 மாதம் நடந்த சோதனையில், வழக்கமான விரிவாக்க முறையைவிடச் சில சாகுபடி முறைகளைக் கைக்கொண்டவர் தொகை ஏழு மடங்காக இருந்தது. சென்னைத் தோட்டக்காரரும் மாதம் ஒரு ஞாயிறு அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடியில் பத்துப் பேரைக் கூட்டி, தம் படத்தைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பேசலாம். அப்போது வரும் கேள்விகளே அடுத்த பாடத்துக்கு விதை.

பாடத்துக்கு உரியவர் யார்?

பெரிய வீடுகளில் பதியன் போடுவதும், கவாத்து செய்வதும், பூச்சியை முதலில் கண்டு சொல்வதும் பெரும்பாலும் தோட்டக்காரப் பணியாளரே. கேமரா முன் பேசுபவர் வீட்டுக்காரராக இருப்பார். கையால் கற்றவர் அருகில் நிற்கும்போது அவரது அறிவைத் தமதாகச் சொல்வது முறையன்று. அவர் சம்மதம் பெற்று, அவரையே செய்துகாட்டச் சொல்லி, பெயரும் சொல்ல வேண்டும். வகுப்புக்குக் கட்டணம் வாங்கினால் அவருக்கும் அதில் பங்கு கொடுப்பதே நியாயம். நாற்றுப் பண்ணையாளரிடமோ பல்கலைக்கழக வெளியீட்டிலோ கற்றது என்றால் அதையும் சொல்லிவிடுவது நல்லது.

கட்டண வகுப்பு நடத்துபவர், வகுப்பில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை முதலிலேயே கூற வேண்டும். ‘மாடியில் மாதம் இவ்வளவு ரூபாய் லாபம்’ என்று ஆசை காட்டி ஆள் சேர்ப்பது கூடாது. மாடித் தோட்டம் வீட்டுக்கு நல்ல காய் தரும், மனத்துக்கு நிறைவு தரும். அதற்கு மேல் வாக்களிப்பவர் தம் கணக்குப் புத்தகத்தையும் காட்டக் கடமைப்பட்டவர்.

சுருக்கமாகக் கவனிக்க வேண்டியவை

1. பாடத்திட்டம் எழுதாமல் படமெடுக்கக் கூடாது.

2. கை, மூடி, சொம்பு என்ற அளவுகளை நிறுத்தும் அளந்தும் கிராம், மில்லி லிட்டராக மாற்ற வேண்டும்.

3. ஒரு படத்தில் ஒரு வேலை. 6 நிமிடத்தை ஒட்டி முடிக்க வேண்டும்.

4. காலை வெளிச்சத்தில், முக்காலியில், காலர் மைக்குடன் எடுக்க வேண்டும்.

5. தேதி, மாதம், ஊர், தண்ணீர் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும்.

6. மருந்துப் பெட்டியில் உள்ளதற்கு மாறாக எதுவும் சொல்லக்கூடாது. வருடம் ஒருமுறை பழைய பாடங்களைச் சரிபார்க்க வேண்டும்.

7. புதியவர் ஒருவர் படத்தைப் பார்த்துத் தானே செய்து முடித்த பிறகே வெளியிட வேண்டும்.

படம் பார்த்துத் தோட்டம் போடுபவர்களும் இந்த ஏழையும் கொண்டு ஆசிரியரைச் சோதித்துப் பார்க்கலாம். அளவு சொல்லாத பாடத்தையும், தேதி இல்லாத பாடத்தையும் நம்பி மருந்து வாங்க வேண்டாம். சந்தேகம் இருப்பின் அருகில் உள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தெளிந்தபின் செய்வதே நஷ்டத்தைத் தவிர்க்கும் வழி.